கயிற்றால் கட்டிய யன்னல்



நிலையான உரிமை இல்லாத ஓர் இடத்தில் வாழ்பவருக்கு, அந்த இடத்தைப் பேண வேண்டிய கடமை உண்டா? கேட்பதற்கு இது சைவ சித்தாந்த வகுப்பில் எழுப்பப்படும் கேள்வி போலத் தோன்றலாம். எமக்கு இக்கேள்வி எந்த வகுப்பிலிருந்தும் வரவில்லை. மூட மறுத்த ஒரு யன்னலில் இருந்து வந்தது. அந்த யன்னலின் கதையைக் கூறி, அதனால் நாம் கற்றுக்கொண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெல்பேர்ண் நகரின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் 2016 ஆம் ஆண்டு முதல் ஒரு பழைய செங்கல் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கின்றோம். அதன் யன்னல்கள் மரச்சட்டமிட்டவை. எமது ஊர் யன்னல் கதவைப் போல் பக்கவாட்டில் திறப்பவை அல்ல. மேல் விளிம்பில் பிணைச்சல் பூட்டப்பட்டு, கீழ்ப்பக்கம் வெளியே தள்ளப்பட்டுத் திறக்கும். இந்நாட்டில் இதனை ஓனிங் யன்னல் என்பார்கள். அடிச்சட்டத்தின் நடுவில் உள்ள சிறு கைபிடியைச் சுழற்றினால் ஒரு சங்கிலி வெளியே நீண்டு யன்னலைத் தள்ளும். மறுபக்கம் சுழற்றினால் அதே சங்கிலி அதை உள்ளே இழுக்கும். கூரைத் தாழ்வாரம் போல் சரிந்து நிற்பதால், மெல்லிய மழையிலும் திறந்து வைக்கலாம் என்பது இதன் சிறப்பு.

2017 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், எமது மகளின் அறை யன்னல் முழுமையாக மூட மறுத்தது. கைபிடியை எவ்வளவு சுழற்றினாலும் கீழ் விளிம்பில் ஏறத்தாழ ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி நின்றது. கணக்காளர் என்ற பழக்கத்தால் அதை அளந்து பார்த்தோம். யன்னலின் அகலம் 90 சென்ரிமீற்றர். இடைவெளி 1.2 சென்ரிமீற்றர். பெருக்கினால் 108 சதுர சென்ரிமீற்றர். அதாவது, குழந்தை உறங்கும் அறையின் சுவரில் பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமான ஒரு சதுர ஓட்டையை வெட்டி வைத்ததற்குச் சமம். தெற்கிலிருந்து வீசும் யூலை மாதக் காற்று எப்படிப்பட்டது என்பதை இந்நகர வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நாம் செய்தது என்ன? கைபிடியை இன்னும் பலமாகச் சுழற்றினோம். சங்கிலி பூட்டியிருந்த திருகாணிகள் மரத்திலிருந்து மெல்ல மேலே கிளம்பின. பிறகு கீழ்ச்சட்டத்தில் ஒரு கொளுக்கியைத் திருகி, அதில் நைலோன் கயிற்றைக் கட்டி, கட்டில் காலுடன் இறுக்கிப் பிணைத்தோம். இடைவெளியில் பழைய துவாயைச் சுருட்டி வைத்தோம். "இப்போதைக்கு இது போதும்" என்று கூறிக்கொண்டோம். அந்த "இப்போதைக்கு" 8 குளிர்காலங்கள் நீடித்தது.

ஏன் வீட்டு முகவரிடம் சொல்லவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகை வீட்டின் திருத்த வேலை சொந்தக்காரரின் பொறுப்பு என்பது விக்ரோரியா மாநிலச் சட்டத்தில் நெடுங்காலமாகவே உள்ள விடயம். 2021 மார்ச் 29 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சத் தராதரங்கள் இதனை இன்னும் தெளிவாகக் கூறின. திறக்கக்கூடிய வெளிப்புற யன்னல் ஒவ்வொன்றும் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து எவரும் நுழையாதபடி அதில் இயங்கக்கூடிய பூட்டு அல்லது கொண்டி இருக்க வேண்டும். சட்டம் எமது பக்கமே இருந்தது. ஆனால் எமது மனம் எமது பக்கம் இருக்கவில்லை. முறைப்பாடு செய்யும் குடியிருப்பாளரை எவர் வைத்திருப்பார்? வாடகையைக் கூட்டினால் என்ன செய்வது? எழும்பச் சொன்னால் எங்கே போவது? இவ்வாறான அச்சங்களுடன் வாழ்ந்தவர்கள் நாம் மட்டுமல்ல.

அச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அக்காலத்தில் எமது கையில் இருந்தது தற்காலிகப் பாதுகாப்பு விசா. படகில் வந்து அகதிகள் என ஏற்றுக்கொள்ளப்பட்டோருக்கு 3 ஆண்டு விசாவும் 5 ஆண்டு விசாவுமே வழங்கப்பட்ட காலம் அது. அடுத்த விசா கிடைக்குமோ தெரியாத ஒருவர், அடுத்தவர் வீட்டு யன்னலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அதற்கும் முன்னால் ஒரு பழைய காயம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் வெளியேறிய போது, யன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு நடந்தவர்கள் பலர். பின்னர் திரும்பிச் சென்றவர்களில் பலர் கண்டது கூரையற்ற சுவர்களையும், கதவு நிலையும் யன்னல் நிலையும் கழற்றப்பட்ட வெறும் துளைகளையும் ஆகும். அக்காட்சியைக் கண்ட ஒருவருக்கு, இன்னொரு யன்னலில் திருகாணி பூட்டக் கை எழுவதில்லை. இதைச் சோம்பல் என்று எவரும் எளிதாகக் கூறிவிட முடியாது.

ஆனாலும் எமது இந்த நியாயங்கள் யாவும் ஒரு நாள் சரிந்து விழுந்தன.

6 மாதங்களுக்கு ஒரு முறை முகவர் வீட்டைப் பார்வையிட வருவதுண்டு. அதற்கு முதல் நாள் வீட்டைக் கழுவித் துடைப்போம். மகளின் அறைக்குச் சென்று கயிற்றை அவிழ்த்து ஒளித்து, துவாயை எடுத்து, திரைச்சீலையை இழுத்து விடுவோம். 2025 ஆம் ஆண்டு அவ்வாறு ஒரு நாள். வேலை முடிந்து வீடு வந்தபோது அந்த அறை ஏற்கனவே ஒழுங்காக இருந்தது. 11 வயதான மகள் வாசலில் நின்று கூறினாள்: "அப்பா, அம்மா, நான் எல்லாத்தையும் மறைச்சிட்டன்."

அவள் பெருமையுடன்தான் கூறினாள். நாம் ஒருபோதும் அவளிடம் மறைக்கும்படி சொல்லவில்லை. சொல்லாமலே கற்றுக்கொடுத்திருந்தோம். கணக்குப் புத்தகத்தில் ஒரு பற்றுச்சீட்டு மறைக்கப்பட்டால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், தமது வீட்டில் ஒரு பிள்ளைக்கு மறைப்பைப் பயிற்றுவித்திருந்தோம். அன்றிரவு நாம் உறங்கவில்லை. யன்னல் மூடவில்லை என்பதல்ல காரணம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 பெப்ரவரியில், தற்காலிக விசா வைத்திருந்தோருக்கு நிரந்தர வதிவுரிமை பெறும் வழியை அரசு திறந்தது. அந்த ஆண்டின் முடிவில் எமக்கும் அது கிடைத்தது. ஆலயத்தில் அருச்சனை செய்தோம். உறவினருக்கு விருந்து வைத்தோம். ஆனால் 2024 குளிர்காலத்திலும் கயிறு அவிழவில்லை. விசா வந்தால் எல்லாம் செய்வோம் என்று 7 ஆண்டுகள் கூறி வந்தோம். வந்தபின் செய்யவில்லை. எனவே குற்றம் விசாவில் மட்டும் இருக்கவில்லை என்பது தெளிவு. தற்காலிகம் என்பது விசாவில் அச்சிடப்பட்ட ஒரு சொல்லாகத் தொடங்கி, எமது கையின் பழக்கமாக மாறியிருந்தது.

மறுநாள் முகவர் வந்தபோது திரைச்சீலையை நாமே ஒதுக்கிக் காட்டினோம். எழுத்திலும் அறிவித்தோம். 10 நாட்களில் வயதான தச்சர் ஒருவர் வந்தார். எமது அச்சத்துக்கு எதிராக எதுவும் நடக்கவில்லை. எல்லோருக்கும் அவ்வாறே நடக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால் நாம் 8 ஆண்டுகள் அஞ்சியது நாம் ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்காத ஒன்றுக்கு என்பதே உண்மை.

அந்தத் தச்சர் செய்த வேலையே இக்கட்டுரையின் மையம். அவர் இடைவெளி தெரிந்த கீழ் விளிம்பைப் பார்க்கவேயில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடைப் பற்றுச்சீட்டை எடுத்து நீளமாகக் கிழித்தார். அந்தக் கடதாசித் துண்டை யன்னலுக்கும் நிலைக்கும் இடையில் வைத்து யன்னலைச் சாத்தி, மெதுவாக இழுத்தார். கீழே வைத்தபோது துண்டு தடையின்றி வந்தது. பக்கங்களிலும் வந்தது. மேலே, இடது பிணைச்சலுக்கு அருகில் வைத்தபோது துண்டு அசையவில்லை, இழுக்கக் கிழிந்தது. "பிடிக்கிற இடம் இது. நீங்கள் இழுத்த இடம் வேறு" என்ற பொருள்படக் கூறினார்.

பல தசாப்தங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட பெயின்ற் அந்த மூலையில் கட்டியாக உறைந்திருந்தது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவே இருக்கும். ஒரு மில்லிமீற்றர் எவ்வாறு ஒரு விரல் இடைவெளியாகும்? கணக்கு எளிது. யன்னல் மேல் விளிம்பை அச்சாகக் கொண்டு அசைகிறது. அச்சிலிருந்து 5 சென்ரிமீற்றர் கீழே ஒரு மில்லிமீற்றர் தடை இருந்தால், 60 சென்ரிமீற்றர் கீழே உள்ள விளிம்பில் அது 12 மடங்காகத் தெரியும். ஆம், நாம் அளந்த அதே 1.2 சென்ரிமீற்றர். தடை மேலே, இடைவெளி கீழே. தடையின் அருகில் நின்றால் அது ஒன்றுமில்லாதது போல இருக்கும். தூரத்தில் நின்றால் அது பெரும் குறையாகத் தெரியும்.

அடுத்து அவர் கூறியதுதான் எம்மை வெட்கப்பட வைத்தது. கீழே கயிறு கட்டி இழுத்த ஒவ்வொரு முறையும், அந்தப் பெயின்ற் கட்டி ஒரு நெம்புகோலின் தாங்கியாக நின்று, மேலே இருந்த பிணைச்சலின் திருகாணிகளைச் சிறிது சிறிதாகப் பிடுங்கியிருந்தது. நாம் யன்னலை மூடவில்லை. 8 ஆண்டுகளாக அதைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

திருத்த வேலை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம் என்பதால், தூள் பறக்காதபடி நீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, சுரண்டியதைக் கடதாசியில் ஏந்திக் கட்டினார். 1970 க்கு முந்திய வீடுகளில் வாழ்வோர் இதனைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உலர்ந்த நிலையில் அரத்தாள் தேய்ப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்து. திருகாணி பிடிக்காமல் பெருத்துப்போன துளைகளில் பசை தடவிய மரச் சிலும்புகளைச் செருகி, இறுகியபின் திருகாணிகளை மீண்டும் பூட்டினார். சங்கிலியின் அழுக்கைத் துலக்கி, சிலிக்கோன் தெளித்தார். சமையல் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விட்டால் தூசி ஒட்டிச் சிக்கல் கூடும் என்றார். மரத்தைச் சீவிவிடலாமே என்று நாம் கேட்டோம். குளிர்காலத்தில் ஈரத்தால் ஊதிய மரத்தைச் சீவினால், கோடையில் அது சுருங்கும்போது மறுபடியும் இடைவெளி வரும்; மரம் காயும்வரை சீவுளியைத் தொடக்கூடாது என்றார். பொறுமையும் ஒரு தொழில்நுட்பம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். எமக்குரியதல்லாத, நிலையில்லாத இடத்தைப் பேணும் கடமை எமக்கு உண்டா?

இல்லை என்போருக்கு இரண்டு வாதங்கள் உண்டு. முதலாவது உலகியல் வாதம். சொத்து எவருடையதோ, பேணலும் அவருடையதே. வாடகையும் கொடுத்து, வீட்டையும் நாம் திருத்திக் கொடுப்பதா? "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பிறர் பொருளைத் தாராளமாக அள்ளுவோரைப் பற்றி எமது முன்னோர் நகைத்தனர். பிறர் பொருளுக்காகத் தன் கைப்பொருளைச் செலவிடுவோரைப் பார்த்தும் அவர்கள் நகைத்திருக்கக் கூடும். இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. செலவு செய்வது சொந்தக்காரரின் கடமைதான். ஆனால் குறையைக் காண்பவர் அங்கு வாழ்பவர், சொந்தக்காரர் அல்லர். கண்டதை உள்ளபடி கூறுவது வாழ்பவரின் கடமை. அதற்குப் பணம் செலவாவதில்லை. நேர்மை மட்டுமே செலவாகும். நாம் தவறியது பணத்தில் அல்ல, அந்த இடத்தில்தான்.

இரண்டாவது சமய வாதம். உலகமே நிலையற்றது; வீடென்ன, உடலென்ன, யாவும் சில காலக் குடியிருப்பு; பற்று வைப்பதே துன்பத்துக்கு மூலம் என்பர். இதுவும் உண்மைதான். ஆனால் பற்றின்மை வேறு, பராமரிப்பின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது எமது சமய மரபை அறியாமையாகும்.

அப்பர் பெருமானை நினைத்துப் பாருங்கள். 7 ஆம் நூற்றாண்டில் தலம் தலமாக நடந்தவர் அவர். ஓர் ஊரையும் தமது ஊரென்று பிடித்துக்கொள்ளவில்லை. பொன்னையும் புல்லையும் ஒன்றாகக் கண்ட துறவி எனப் போற்றப்படுகிறார். ஆயினும் அவரது திருவுருவத்தை நாம் அடையாளம் காண்பது எதனால்? தோளில் சாத்திய உழவாரப் படையால். சென்ற தலத்தில் எல்லாம் வீதியில் முளைத்த புல்லைச் செதுக்கினார். அடுத்த வாரம் இவ்வூரில் இருப்போமா என்று அவர் கேட்கவில்லை. பற்றை முற்றாக விட்டவரின் கையில்தான் பராமரிக்கும் கருவி இருந்தது என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

இன்னும் நேரான ஒரு சான்று எமது ஆலயக் கிரியைகளிலேயே உண்டு. திருப்பணி தொடங்கும்போது பாலஸ்தாபனம் செய்வதை அடியார்கள் கண்டிருப்பீர்கள். மூலவரின் சாந்நித்தியத்தை ஒரு சிறு மூர்த்தத்திலோ கும்பத்திலோ படத்திலோ ஆவாகனம் செய்து, தற்காலிக இடம் ஒன்றில் எழுந்தருளச் செய்கின்றோம். பாலாலயம் என்பது அதுவே. அங்கே பூசை குறைவதுண்டா? தற்காலிகம்தானே என்று திரியைச் சிறிதாக்கியோ நைவேத்தியத்தைத் தவிர்த்தோ விடுகின்றோமா? இல்லை. திருப்பணி சில மாதங்கள் நீடித்தாலும், பல ஆண்டுகள் நீடித்தாலும், நித்திய பூசை முறைப்படி நடைபெறுகின்றது. இறைவனே ஒரு தற்காலிக இருப்பிடத்தில் வாழ்வதை ஏற்கிறான்; அந்த இருப்பிடத்துக்குரிய மரியாதையைக் குறைக்க எமக்கு அனுமதி தரவில்லை. விசாவில் வாழ்ந்த எமக்கு இதைவிடத் தெளிவான போதனை வேறெதுவும் இருந்திருக்க முடியாது. ஆண்டுக்கணக்காகக் கண்முன் பார்த்தும் நாம் அதைக் காணவில்லை.

எமது தொழிலும் இதையே கூறுகின்றது. கணக்கியலில் "தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு" என்று ஒன்றுண்டு. ஒரு நிறுவனம் தொடர்ந்து இயங்கும் என்ற எடுகோளின் மீதுதான் அதன் ஐந்தொகை தயாரிக்கப்படுகின்றது. மூடிவிடப் போகும் நிறுவனத்துக்கு அவ்வாறல்ல. அங்கே ஒவ்வொரு பொருளும் விற்றால் என்ன கிடைக்கும் என்றே பார்க்கப்படும். ஒரு நிறுவனம் தொடருமா என்று தீர்மானிக்க எவ்வளவு காலம் முன்னோக்கிப் பார்க்க வேண்டும்? நூறு ஆண்டுகளா? சர்வதேசக் கணக்கியல் நியமங்கள் கேட்பது ஆகக் குறைந்தது 12 மாதங்கள். எமது விசாவோ அதைவிட நீண்டது. 12 மாதங்களுக்குள் ஒரு குளிர்காலம் நிச்சயம் வரும் என்பதும் தெரியும். ஆயினும் நாம் எமது வாழ்க்கையை நாளையே மூடப்போகும் கடையின் கணக்கைப் போல் நடத்தி வந்தோம். நூலகத்தில் உறுப்பினராகவில்லை, அயலவரின் பெயரைக் கேட்கவில்லை, முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நடவில்லை. யன்னல் இவற்றுள் ஒன்று மட்டுமே.

மேலும் ஒரு விடயம். செய்யப்படாத திருத்த வேலை ஐந்தொகையில் ஒரு பொறுப்பாகக் காட்டப்படுவதில்லை. புத்தகத்தைப் பார்த்தால் யாவும் சரியாக இருக்கும். ஆனால் கடன் வளர்ந்துகொண்டே இருக்கும். எமது வீட்டில் அக்கடனுக்கு ஒவ்வோர் இரவும் வட்டி கட்டியவள் எமது மகள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். 2023 இல் திறந்த வழி எல்லோருக்கும் திறக்கவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்த பலர் அதற்கு வெளியே விடப்பட்டனர். அத்தகையோரிடம் சென்று "உங்கள் யன்னலைத் திருத்துங்கள்" என்று உபதேசம் செய்வது எமது நோக்கமல்ல. நிலையின்மையை மக்கள் மீது சுமத்தியவர்களின் பொறுப்பு அவர்களுடையதே. ஆனால் எந்த அரசும் எமது பிள்ளைகளின் அறையைக் குளிராக வைத்திருக்கும்படி எமக்குக் கட்டளையிடவில்லை. அரசு தந்த நிலையின்மைக்கு மேலதிகமாக, நாமே ஒரு நிலையின்மையைச் சேர்த்துக்கொண்டோம். அந்தப் பகுதி மட்டுமே எமது கையில் இருந்தது. எமது கேள்வியும் அந்தப் பகுதியைப் பற்றியதே.

யன்னல் பழுதான காலத்தில் நண்பர் ஒருவர் வேறொரு வழி கூறினார். "நாலு ஆணி அடிச்சு நிரந்தரமா மூடி விடுங்கோ. குளிரும் வராது, கள்ளனும் வரான்." இன்றைய சட்டத்தின்படி அது பிழை என்பது ஒருபுறம். தீப்பற்றினால் அந்த அறையிலிருந்து வெளியேறும் வழியும் அடைபட்டுப் போகும். ஆனால் அவர் கூறிய வழியை நாம் வேறு விதமாக நினைத்துப் பார்க்கின்றோம். புலம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் முறைகள் இரண்டு என்று தோன்றுகின்றது. ஒன்று, கயிறு கட்டி வாழ்வது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. மற்றது, ஆணி அடித்து வாழ்வது. இந்நாட்டுக் காற்று ஒரு துளியும் உள்ளே வரக்கூடாது. இரண்டும் பலவந்தமே. திருத்துவது என்பது மூன்றாவது வழி. திருத்தப்பட்ட யன்னல் வேண்டும்போது திறக்கும், வேண்டாதபோது மூடும். எப்போது எது என்பதை வீட்டில் உள்ளவர்கள் தீர்மானிக்கலாம். வீடு என்பதற்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எமக்குத் தெரியவில்லை.

மூட மறுக்கும் காரியங்கள் குடும்பங்களிலும் உண்டு. பேச்சு நின்றுபோன உடன்பிறப்புகள், தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் விழுந்த விரிசல், ஆலய நிர்வாகத்தில் நிற்கும் மனக்கசப்பு. இடைவெளி தெரியும் இடத்தில் நின்றுகொண்டு கயிறு கட்டி இழுக்கின்றோம். இழுக்க இழுக்க எங்கோ ஒரு பிணைச்சல் கழன்றுகொண்டிருக்கிறது. பிடிக்கும் இடம் பெரும்பாலும் மிகப் பழையது, மிகச் சிறியது, பலமுறை பூசி மறைக்கப்பட்டது. அதைக் காணப் பலம் தேவையில்லை. ஒரு கடதாசித் துண்டும், மெதுவாக இழுக்கும் கையும் போதும்.

நிறைவாக, அடியார்களிடம் சில வேண்டுகோள்கள். குளிர்காலம் தொடங்குமுன் உங்கள் வீட்டு யன்னல்களை ஒரு கடதாசித் துண்டுடன் சுற்றி வாருங்கள். வாடகை வீடாயின் குறையை எழுத்தில் அறிவியுங்கள். எழுதத் தெரியாத முதியோருக்கு எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமாக உள்ளோம். மாடி வீடுகளில் யன்னலைத் திருத்த வெளியே சாய்ந்து நிற்க வேண்டாம். குழந்தைகளின் கட்டிலை யன்னலோடு ஒட்டி வைக்க வேண்டாம்; படுக்கையறையின் தளம் வெளியே கீழுள்ள தரையிலிருந்து 2 மீற்றரோ அதற்கு மேலோ உயரத்தில் இருந்தால், அதன் யன்னல்கள் 12.5 சென்ரிமீற்றருக்கு மேல் திறவாதபடி அமைய வேண்டும், அல்லது உறுதியான காப்புத் தட்டி பூட்டப்பட வேண்டும் என்பது, புதிய கட்டடங்களுக்கு 2013 முதல் இந்நாட்டு விதி. அத்துடன், எமது ஆலய மண்டபத்தின் பின்பக்க யன்னல்களையும் ஒருமுறை பாருங்கள். அவற்றுள் ஒன்றில் கடதாசிச் சாப்பாட்டுத் தட்டை மடித்துச் செருகியிருக்கின்றார்கள். யார் செருகியது என்று கேட்க வேண்டாம். அடுத்த சிரமதான நாளில் திருப்புளியுடன் வாருங்கள்.

எமது வீட்டில் கயிறு இப்போது இல்லை. அது கட்டியிருந்த கட்டில் காலில் ஒரு தேய்ந்த தடம் மட்டும் உண்டு. முதல் சில நாட்கள் மகள் இரவில் பழக்கத்தினால் கட்டில் காலைத் தடவினாள். பின்னர் கைபிடியைத் தானே சுழற்றி மூடப் பழகிக்கொண்டாள். காலையில் திறப்பவளும் அவளே.

எல்லாம் வல்ல முருகப்பெருமான், இருக்கும் இடம் எதுவாயினும் அதைப் பேணும் மனத்தையும், குறையை மறையாது கூறும் துணிவையும் எம் அனைவருக்கும் அருள்வாராக.